காலி டிரெய்லர் ஏன் மடங்குகிறது? எட்டயபுரம் அருகே கண்ணால் பார்த்த விபத்து

கரிசல்காடு | ஞாயிறு, இரவு 10:15

நேற்று மாலை மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னிருக்கையில் அம்மா. பந்தல்குடி தாண்டியதும் தூறல் பிடித்தது. இந்தப் பருவத்தின் முதல் மழை. எட்டயபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு டிரெய்லர் லாரி எங்களுக்கு நூறு மீட்டர் முன்னே போய்க்கொண்டிருந்தது. மேலே கன்டெய்னர் இல்லை, வெறும் இரும்புச் சட்டம்தான். என் வண்டி அறுபதில் போனது, அதுவும் ஏறக்குறைய அதே வேகம்தான்.

சாலையோரத்திலிருந்து ஆட்டு மந்தை ஒன்று மேலே ஏறியது. லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது. அதன்பின் நடந்தது இரண்டு மூன்று விநாடிகள்தான் இருக்கும். பின்னால் இருந்த நீளச் சட்டம் நேராகவே போய்க்கொண்டிருந்தது. முன்னால் இருந்த தலைப்பகுதி தட்டாமாலை சுற்றும் பிள்ளையைப்போலத் திரும்பியது. பாதியில் நிற்கவில்லை. முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. லாரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த நான், அதன் முன்கண்ணாடி வழியே ஓட்டுநரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். சட்டத்தின் மூலை கேபினின் பக்கவாட்டில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எப்படியோ நிறுத்திவிட்டேன். கிளீனர் பையன் மறுபக்கக் கதவு வழியே இறங்கிவிட்டான். ஓட்டுநரின் கால் மாட்டிக்கொண்டது. கூடியவர்கள் வழக்கம்போல் ‘குடித்திருப்பான்’, ‘தூங்கியிருப்பான்’ என்றார்கள். இரண்டும் இல்லை. 108 வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: “காலி வண்டி சார், காலி வண்டி.”

பாரம் இல்லாத வண்டி எளிதாக நிற்க வேண்டும்தானே? அவர் ஏன் அதையே சொன்னார்? இங்கே கனரக வண்டி ஓட்டுபவர்கள் இருப்பது தெரியும். விளக்குங்கள்.


சங்ககிரி ஓட்டுநர் | ஞாயிறு, இரவு 11:02

சார், நீங்கள் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு முதலில் நன்றி. நாங்கள் விழுந்து கிடக்கும்போது செல்போனில் படம் எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்டீயரிங் பிடிக்கிறேன், அதில் பதினான்கு ஆண்டுகள் டிரெய்லர். அவர் சொன்னது முழு உண்மை. லோடு வண்டி மடங்குவதைவிடக் காலி வண்டி மடங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த வண்டியின் பிரேக் 55 டன்னை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. காலியாக வரும்போது தலையும் சட்டமும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பிரேக்கை இயக்கும் காற்று அதே காற்று, எட்டு கிலோ அழுத்தம். டிரம் அதே டிரம், அதில் உரசி நிறுத்தும் லைனர் அதே லைனர். பாரம் இருக்கும்போது டயர் தாரை அழுத்திப் பிடிக்கும், எனவே பிரேக் எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறையும். பாரம் இல்லாதபோது அந்தப் பிடி இல்லை. காலை வைத்த மாத்திரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஈரத் தாரில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

அதிலும் முதல் மழை. மாதக்கணக்கில் படிந்த தூசியும் கசிந்த டீசலும் எண்ணெயும் நீரோடு கலந்து மேலே வரும். ஒரு மணி நேரம் நன்றாகப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறல்தான் எமன். உங்கள் பக்கத்துச் சாலையில் இன்னொன்றும் உண்டு, உழவு முடிந்து வரும் டிராக்டர்கள் டயரில் கரிசல் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து சாலையில் உதிர்த்துவிட்டுப் போகும். அது நனைந்தால் களிம்பு.

எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலையின் பின்சக்கரங்கள் பூட்டினால் நீங்கள் பார்த்ததுதான் நடக்கும்: தலை சுழலும், பின்வண்டி தள்ளும், மடக்குக் கத்தி மாதிரி மூடிக்கொள்ளும். பின்வண்டியின் சக்கரம் பூட்டினால் தலை நேராக இருக்கும், வால் பக்கத்துத் தடத்துக்கு வீசும். வால் வீசினால் சில நேரம் மீட்கலாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்வண்டி இழுபட்டு நேராகும். நான் இரண்டு முறை அப்படி மீட்டிருக்கிறேன். தலை சுழன்றால் ஒரு கோணம்வரைதான் மனிதனுக்கு வாய்ப்பு. அதைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் பயனில்லை.


நெம்புகோல் | திங்கள், காலை 6:40

பாலிடெக்னிக்கில் வாகனவியல் கற்பிக்கிறேன். ஓட்டுநர் அண்ணன் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை மட்டும் சேர்க்கிறேன்.

டயர் தாரைப் பிடிக்கும் விசைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் வேகத்தைக் குறைக்கவும் எடுக்க வேண்டும், வண்டியைப் பக்கவாட்டில் நழுவாமல் வைத்திருக்கவும் எடுக்க வேண்டும். சக்கரம் பூட்டிவிட்டால் முழுக் கையிருப்பும் பிரேக்குக்கே போய்விடுகிறது, பக்கவாட்டுப் பிடிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. உருளும் சக்கரத்துக்குத் திசை உண்டு. பூட்டிய சக்கரத்துக்கு முன், பின், இடம், வலம் எல்லாம் ஒன்றே.

மாணவர்களுக்கு நான் மாட்டு வண்டியைச் சொல்வேன். சமதரையில் மாடு வண்டியை இழுக்கிறது. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளுகிறது. தள்ளும்போது நுகத்தடி கோணினால் மாடு பக்கவாட்டில் ஒடிந்து திரும்பும், வண்டி மேலே ஏறிவிடும். பழைய வண்டிக்காரர்கள் இறக்கத்தில் மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தா நிறுத்தினார்கள்? வண்டிச் சக்கரத்தில் கட்டையை அழுத்தினார்கள். பின்னால் இருப்பது கொஞ்சம் முந்தி நிற்க வேண்டும், முன்னால் இருப்பது கொஞ்சம் பிந்தி நிற்க வேண்டும். டிரெய்லரின் பிரேக் அமைப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போராடுகிறது.

போராட்டம் ஏனென்றால், ஏர் பிரேக்கில் காற்று முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். பின்வண்டியின் கடைசி அச்சுக்குப் போய்ச் சேர ஒரு விநாடியில் ஒரு பகுதி கூடுதலாகப் பிடிக்கும். பின்சக்கரங்களுக்குக் காற்றை உடனே திறந்துவிடும் ரிலே வால்வு சரியாக இருந்தால் அந்தத் தாமதம் சிறியது. வால்வு பழுதாகி, குழாய் கசிந்து, லைனர் தேய்ந்திருந்தால் தலை நின்றுவிடும், பின்னால் இருக்கும் டன்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும். இரண்டையும் இணைப்பது கிங்பின் என்ற ஒற்றைக் குண்டூசி. அது தள்ளும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து துளி விலகினாலும் தலை திரும்பத் தொடங்கும், அது திரும்பும்தோறும் விலகல் பெருகும். தானாகத் திருந்தாத தவறு அது.


தொப்பூர் வழி | திங்கள், காலை 8:20

எல்லாவற்றுக்கும் காரணம் நியூட்ரல்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள், பிரேக் பிடிக்காமல் போகிறது. தொப்பூர்க் கணவாயில் 2020 டிசம்பரில் நான்கு பேர், 2024 ஜனவரியில் மறுபடி நான்கு பேர். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது இன்ஜின் பிரேக்கையும் சின்ன கியரையும் பயன்படுத்தினால் எதுவும் நடக்காது. எட்டயபுரத்து ஓட்டுநரும், புகை வெளியேறுவதை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும்.


சங்ககிரி ஓட்டுநர் | திங்கள், காலை 8:55

தொப்பூர் வழி தம்பி, தொப்பூருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே மருந்தைச் சொல்கிறீர்கள்.

தொப்பூரில் நடப்பது பெரும்பாலும் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது. லோடு வண்டி, நீண்ட இறக்கம், நியூட்ரல். அங்கே பிரேக் போதவில்லை. எட்டயபுரத்தில் நடந்தது பிரேக் மிஞ்சிப் போனது. காலி வண்டி, சமதரை, ஈரம்.

எக்ஸாஸ்ட் பிரேக்கோ, அதேபோல வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டர் கருவியோ எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது? இன்ஜினோடு இணைந்த சக்கரங்களை மட்டும். அதாவது தலையின் பின்சக்கரங்கள். பின்வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஈரச் சாலையில் காலி வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால், எது பூட்டக்கூடாதோ அதையே நாமே போய்ப் பூட்டுகிறோம். அவசரமாகச் சின்ன கியருக்கு இறக்கினாலும் இதே கதைதான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த குரு, மழை விழுந்தவுடன் எக்ஸாஸ்ட் சுவிட்சின் மேல் துணியைக் கட்டிவிடுவார், பழக்க தோஷத்தில் கை போய்விடக்கூடாது என்று. நானும் இன்றுவரை அதைச் செய்கிறேன்.


தொப்பூர் வழி | திங்கள், காலை 9:31

இது எனக்குத் தெரியாது. நான் ஓட்டுவது பத்துச் சக்கர லாரி, டிரெய்லர் இல்லை. திருத்திக்கொள்கிறேன் அண்ணா. தொப்பூரில் 2024இல் கவிழ்ந்ததும் மடங்கும் வண்டி அல்ல, அதையும் நான்தான் கலந்துவிட்டேன்.

கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 2025 ஜனவரி 3 அதிகாலை எரிவாயு டேங்கர் கவிழ்ந்ததே, அது இந்த வகையில் வருமா?


ஓய்வுபெற்ற ஆய்வாளர் | திங்கள், பகல் 12:10

மோட்டார் வாகன ஆய்வாளராக முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன். கோவைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது மடங்கல் அல்ல. கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவுடன் வந்த டேங்கர் மேம்பாலத்தில் திரும்பும்போது தலைக்கும் டேங்கருக்குமான இணைப்பு விட்டு, டேங்கர் தனியே சாய்ந்தது. உயிரிழப்பு இல்லாமல் போனது தீயணைப்புத் துறையினரின் உழைப்பு. ஆனால் உறவுமுறை உண்டு. மடங்கல் நடந்தால் முழுச் சுமையும் தலையின் மேல் கிங்பின்னைக் கவ்விப் பிடிக்கும் டர்ன்டேபிள் தட்டின் மேலும் கிங்பின்னின் மேலும் முறுக்காக விழுகிறது. டேங்கராக இருந்தால் உள்ளே திரவமும் அலையடித்து அதே பக்கம் தள்ளுகிறது. முக்கால் அளவு, பாதி அளவு நிரம்பியவை முழுதாக நிரம்பியதைவிட மோசம்.

இப்போது எல்லோரும் பிரேக் மிதித்த அந்தக் கணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அதற்கு முன்னால் போகிறேன். இந்த விபத்து சாலையில் நடப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பட்டறையில் நடந்து முடிந்துவிடுகிறது.

தகுதிச் சான்றுக்கு வரும் டிரெய்லரின் அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை மூன்று அச்சுப் பின்வண்டி ஒன்று வந்தது. வெளியே புதிய பெயின்ட், புதிய பிரதிபலிப்புப் பட்டை. அடியில் நடு அச்சின் பிரேக் சேம்பருக்குப் போகும் காற்றுக் குழாய் வெட்டப்பட்டு, முனையில் போல்ட்டைத் திணித்து கம்பியால் கட்டியிருந்தது. கட்டிய கம்பி துருவேறியிருந்தது. அதாவது மாதக்கணக்காக அப்படியே ஓடியிருக்கிறது. கேட்டால், “அந்த அச்சு டயரைத் தேய்க்கிறது சார், அதனால்தான்” என்றார்கள். கடைசி அச்சில் பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் நெம்பான ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால் இழுத்தால் முழு நீளத்துக்கும் வந்தது. லைனர் டிரம்மைத் தொடவே இல்லை. ஆக, ஆறு சக்கர முனைகளில் நிஜமாகப் பிரேக் பிடிப்பது இரண்டு. அந்த வண்டியின் ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்து என்ன பயன்?

2015 முதல் இங்கே புதிய கனரக லாரிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து காற்றை விட்டு விட்டுப் பிடிக்கும் கருவி அது. மடங்கலுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஆனால் தலையில் இருக்கும் கருவி பின்வண்டியைக் காப்பாற்றாது. பின்வண்டிக்குத் தனியாக வேண்டும், அதற்கு மின் கேபிள் இணைக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் கேபிளை மாட்டாமல் கேபினுக்குப் பின்னால் சுருட்டித் தொங்கவிட்ட வண்டிகள் எத்தனை எத்தனை! டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருக்கும். தொந்தரவாக இருக்கிறதென்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள்.


நான்கு வண்டி முதலாளி | திங்கள், பிற்பகல் 3:45

நாமக்கல்லில் சிறிய அளவில் டிரெய்லர் வைத்திருக்கிறேன். ஐயா சொன்னது எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தாது. எங்கள் நிலையையும் கேளுங்கள். வாடகை ஏறவில்லை. டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு, தவணை. ஒரு டயர் போனால் அந்த நடையின் இலாபம் போயிற்று. பிரேக் பிடித்து ஒரே இடத்தில் தேய்ந்த டயரைப் பார்க்கும்போது வயிறு எரியும். குழாயை வெட்டுவது தவறு, அதை நான் செய்ததில்லை. ஆனால் கேபிள் விஷயத்தில் ஐயா சொல்லும் தவறு என் பட்டறையிலும் உண்டு. ஒரு பின்வண்டியின் சென்சார் பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இன்னொன்று. துறைமுகத்தில் தலையும் பின்வண்டியும் ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். இன்று என் தலை, நாளை யாருடைய சட்டமோ. அதன் பிரேக் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இதை யாரும் பேசுவதில்லை.


ஓய்வுபெற்ற ஆய்வாளர் | திங்கள், மாலை 4:20

ஒப்புக்கொண்டதற்கு மதிக்கிறேன். ஆனால் எட்டு மாதம் என்பதை எழுதும்போது, அந்த எட்டு மாதமும் அந்த வண்டியில் அமர்ந்திருந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். டயருக்கு விலை தெரிகிறது உங்களுக்கு. எட்டயபுரத்தில் கால் மாட்டிக்கொண்டவருக்கு இனி எத்தனை மாதம் வேலை இருக்காது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜோடி மாறுவதைப் பற்றிச் சொன்னது மிக முக்கியமானது. நன்றாகப் பிடிக்கும் புதிய தலையும் பிடிக்காத பழைய பின்வண்டியும் சேர்வதுதான் இருப்பதிலேயே ஆபத்தான கூட்டணி.


பனிச்சாலை | திங்கள், இரவு 7:05

வணக்கம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், ரொறன்ரோவில் பதினாறு வருடமாக லொறி ஓடுகிறேன். எங்களுடைய நிலைமையையும் எழுதலாம் என்று நினைத்தேன், ஏனென்றால் இங்கே குளிர்காலம் முழுவதும் உங்களுடைய ‘முதல் மழை’தான்.

நெடுஞ்சாலை 401இல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறைபனி படியும். வீதி ஈரமாக இருக்கிறது போலத்தான் தெரியும். முன்னால் போகிற வாகனங்களின் சில்லு தண்ணீரைத் தெறிக்க வைக்கிறதா என்று பார்ப்போம். ஈரமாகத் தெரிந்தும் தெறிக்கவில்லை என்றால் அது பனி. பாலங்கள் வீதிக்கு முன்னரே உறைந்துவிடும், கீழாலும் காற்று போவதால். பாலம் வருவதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டு, பாலத்தின் மேல் எதையும் தொடாமல் போக வேண்டும்: பிரேக்கும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை, சட்டென்ற ஸ்டீயரிங்கும் இல்லை. சங்ககிரி அண்ணாவின் துணி கட்டுகிற கதையை வாசித்தபோது, என்னைப் பழக்கிய பஞ்சாபிக்காரர் நினைவுக்கு வந்தார். வேறு நாடு, வேறு மொழி, அதே புத்திமதி.

அமெரிக்காவில் 1997 மார்ச் முதல் புதிதாகச் செய்யப்படுகிற தலைகளுக்கும், 1998 மார்ச் முதல் ட்ரெய்லர்களுக்கும் ஏ.பி.எஸ். சட்டமாக்கப்பட்டது. ட்ரெய்லரின் இடப்பக்கம் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. பொலிஸ் மறித்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து ட்ரெய்லர் ஓடுகிற அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அப்படி இருந்தும் முதலாவது பனி விழுகிற நாளில் மடங்கிக் கிடக்கிற லொறியைப் பார்க்காமல் வீடு திரும்பியது குறைவு. பயிற்சி கோடையில் நடந்திருக்கும்.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற கைப்பிடி ஒன்று கேபினில் இருக்கும். மடங்குகிற நேரத்தில் அதை இழுத்தால் ட்ரெய்லர் பின்னால் இழுத்து நேராக்கிவிடும் என்று பழைய சாரதிமார் சொல்வார்கள். நம்ப வேண்டாம். வழுக்குகிற வீதியில் அது ட்ரெய்லர் சில்லுகளையும் பூட்டிவிடும், பிறகு முன்னும் பின்னும் இரண்டுமே வழுக்கும்.


அவசர ஊர்தி | திங்கள், இரவு 9:50

108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். காரணங்களை நிறைய எழுதிவிட்டீர்கள். நான் போய்ச் சேரும்போது என்ன இருக்கும் என்பதை எழுதுகிறேன்.

மடங்கிய வண்டி சாலையின் எல்லாத் தடத்தையும் அடைத்துக் கிடக்கும். நாற்பது அடிச் சட்டம் குறுக்கே. பகலில் தெரியும். இரவில் அதன் பக்கவாட்டில் எந்த விளக்கும் இருக்காது, மின் இணைப்பு அறுந்திருக்கும், பின்விளக்கு வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் வரும் காரின் முகப்பு விளக்கு சட்டத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கச் சாலையைக் காட்டும். சாலை காலியாக இருப்பதாக ஓட்டுபவருக்குத் தோன்றும். கார் அடியில் நுழையும்போது இடிபடுவது பம்பர் இல்லை, கண்ணாடியும் தலையும் இருக்கும் உயரம். ஏர்பேக் பல நேரம் விரிவதற்குக்கூடக் காரணம் கிடைப்பதில்லை. பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி ஒழுங்காகப் பொருத்திய பின்வண்டியில் இது நடப்பது குறைவு. பாதி வண்டிகளில் அந்தக் கம்பி ஒரு மெல்லிய தகரம், அல்லது ஸ்டெப்னி எடுக்க வசதிக்காகக் கழற்றி வைத்திருப்பார்கள்.

அதனால் இப்படி ஒரு விபத்தில் நான் முதலில் கவலைப்படுவது மடங்கிய வண்டியில் இருப்பவரைப் பற்றி மட்டும் அல்ல. இரண்டாவதாக, மூன்றாவதாக வந்து மோதப்போகும் வண்டிகளைப் பற்றி. கரிசல்காடு சார், நீங்கள் ஓட்டுநரின் கையைப் பிடித்தது பெரிய காரியம். அந்த நேரத்தில் பின்னால் யாராவது நூறு மீட்டர் போய்த் துணியோ விளக்கோ ஆட்டினார்களா?

கன்டெய்னர் இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: நான்கு மூலைப் பூட்டும் போட்டிருந்ததா? பெட்டி கவிழ்ந்தாலும் வண்டி பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிப் பூட்டாமல் ஓட்டுகிறார்கள். நாற்பது அடிக் காலிப் பெட்டியே மூன்றரை டன்னுக்கு மேல். அது பக்கத்தில் போகும் இருசக்கர வாகனத்தின் மேல் விழுந்த இடத்துக்கு நான் போயிருக்கிறேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.


பனிச்சாலை | திங்கள், இரவு 10:14

தங்கச்சி சொல்வது முழுக்க உண்மை. 1999 செப்ரெம்பர் 3இல் வின்ட்சருக்குக் கிட்ட 401இல் காலைப் பனிமூட்டத்தில் 87 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். முதலாவதாக மோதிய வாகனத்தோடு முடிகிற விபத்து இல்லை இது.


கரிசல்காடு | செவ்வாய், காலை 5:58

இரவு முழுவதும் படித்தேன். அவசர ஊர்தி சகோதரி கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்: இல்லை. யாரும் பின்னால் போகவில்லை. என் கார் சாலையிலேயே நின்றது, உள்ளே என் பிள்ளைகள். நானே அவர்களைக் குறுக்கே கிடந்த லாரிக்கும் பின்னால் வரும் வண்டிகளுக்கும் இடையில் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறேன். இதை நீங்கள் எழுதும்வரை எனக்கு உறைக்கவில்லை. கை நடுங்குகிறது.

காரில் போகும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?


சங்ககிரி ஓட்டுநர் | செவ்வாய், காலை 7:25

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் சார். பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று சொல்கிறேன். எங்கள் வண்டியை முந்தியதும் உடனே எங்கள் முன்னால் நுழைந்து பிரேக் போடாதீர்கள். நாங்கள் முன்னால் விட்டுவைக்கும் இடைவெளி காலி இடம் அல்ல, அதுதான் எங்கள் பிரேக். நான்குவழிச் சாலையில் எங்களுக்கு 80 வரை வரம்பு. 80இல் போகும் வண்டி நிற்க 60ஐவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு தூரம் வேண்டும், அதுவும் காய்ந்த சாலையில். ஒரு கார் அந்த இடைவெளியில் நுழையும்போது, அந்தக் காரை இடிப்பதா, பிரேக்கை முழுதாக மிதித்து வண்டி மடங்கினால் மடங்கட்டும் என்று விடுவதா என்று அரை விநாடியில் முடிவெடுக்கச் சொல்கிறீர்கள்.

மழையில் சட்டம் மட்டும் இழுத்துப் போகும் காலி டிரெய்லரைக் கண்டால் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்துவதென்றால் முந்திவிடுங்கள், இல்லையேல் நன்றாகப் பின்தங்குங்கள். மடங்கினால் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் போகும், பக்கத்துத் தடம் இருக்காது. விபத்தைக் கண்டு நின்றால், குடும்பத்தைத் தடுப்புக்கு அப்பால் இறக்கிவிட்டு, விளக்கைச் சிமிட்டவிட்டுப் பின்பக்கமாக நடங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. 2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கன்டெய்னர் லாரி சாலை நடுவைத் தாண்டிக் கேரளப் பேருந்தில் மோதி 19 பேர் போனார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்ததாகத்தான் விசாரணையில் சொன்னார்கள். அது மடங்கல் இல்லை. ஆனால் கண்ணயர்ந்தவன் திடுக்கிட்டு விழிக்கும்போது செய்வது என்ன? பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பான், ஸ்டீயரிங்கை ஒடிப்பான். மடங்குவதற்கு வேண்டிய இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டாவது ஓட்டுநர் இல்லாமல் தூத்துக்குடியிலிருந்து பெங்களூருவுக்கு ஒருவனையே அனுப்பிவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு ‘எங்கே இருக்கிறாய்’ என்று போன் செய்வது நிற்க வேண்டும்.


நான்கு வண்டி முதலாளி | செவ்வாய், பகல் 1:30

சென்சார் வாங்கியாயிற்று. மின்பணியாளர் பின்வண்டியின் அடியில் இருக்கிறார். விலை ஒரு டயரின் விலைகூட இல்லை. ஆய்வாளர் ஐயா, கிளம்பும் முன் ஓட்டுநர் ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளக்கூடியதை எழுதுங்கள், ஸ்டிக்கராக அடித்துக் கேபினில் ஒட்டுகிறேன்.


ஓய்வுபெற்ற ஆய்வாளர் | செவ்வாய், மாலை 5:15

மகிழ்ச்சி. ஸ்டிக்கருக்கு அளவாக எழுதுகிறேன்.

காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி அளவு முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போனால் கசிவு. கிளீனர் அதே நேரம் இரண்டு குழாய்களின் இணைப்பிலும் காதை வைத்துக் கேட்க வேண்டும். டார்ச் அடித்து டர்ன்டேபிளின் தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், கைப்பிடி உள்ளே போயிருக்கிறது என்பது மட்டும் போதாது. பிறகு பின்வண்டிக்கு மட்டும் பிரேக்கைப் போட்டுவிட்டு முதல் கியரில் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி நகரக்கூடாது. நகர்ந்தால் பின்னால் பிரேக் இல்லை, கிளம்பக்கூடாது. பனிச்சாலை தம்பி இந்தக் கைப்பிடியைச் சாலையில் தொடாதே என்றார், சரி. அது நிற்கும் வண்டியைச் சோதிக்கத்தான்.

கடைசியாக அந்த மஞ்சள் விளக்கு. டேப் ஒட்டியிருந்தால் பிய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும்.


சங்ககிரி ஓட்டுநர் | புதன், அதிகாலை 4:40

தூத்துக்குடி துறைமுக வரிசையில் நிற்கிறேன். இன்றைக்கு எனக்கு மாட்டிக்கொடுத்த சட்டம் புதிது, இதற்கு முன் இழுத்ததில்லை. ஐயா சொன்னபடி இழுத்துப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மழை வரப்போகிறது, வேறு சட்டம் கொடுங்கள், இல்லையென்றால் இதைச் சரிசெய்து கொடுங்கள் என்றேன். முறைத்தார். இந்த இழையை அவர் செல்போனில் காட்டினேன், எட்டயபுரத்து முதல் பதிவை மட்டும். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். இப்போது அடியில் டார்ச் வெளிச்சம் தெரிகிறது. பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.


கரிசல்காடு | புதன், காலை 9:10

அடிக்கட்டும் அண்ணா.

நேற்று மாலை அரசு மருத்துவமனைக்குப் போய் அந்த ஓட்டுநரைப் பார்த்தேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், விரல்களை அசைக்கிறார். உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். குழாய் வெட்டிய இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னார். அவருடைய சட்டத்திலும் நடு அச்சுக்குக் காற்று போவதில்லை என்று இரண்டு நடைக்கு முன்பே சொல்லியிருந்தாராம்.